குதிகால் வாத்தியார்

கொசு, கரப்பான்பூச்சி, கன்டெய்னர் லாரி ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக எங்கள் வடசென்னையில் வேகமாகப் பெருகிவரும் உயிரினம் குதிகால் வாத்தியார். ராயபுரத்தில் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. எண்ணூர்ப் பக்கம் ஒருவர் தென்பட்டாராம். காலடிப்பேட்டையில், நங்கூரப் பிள்ளை சந்தில், என் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் ஒருவர் முழு வளர்ச்சியடைந்த நிலையில் வசிக்கிறார். பெயர் லோகநாதன். இந்த இனத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் பாக்கியம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. வாய்க்கவும் வேண்டாம், பாவம்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எதிரே வருகிற சாதாரண மனிதர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். குதிகால் வாத்தியார் காலைப் பார்ப்பார். முழங்காலுக்கு மேலே உங்களுக்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கணுக்காலைப் பார்க்கக் குனிவார். ஆசீர்வாதம் வாங்கத்தான் குனிகிறார் போலிருக்கிறது என்று அந்தப் பையனும் பதறிப்போய், "நல்லா இருங்க அங்கிள்" என்று அவர் தலையில் கை வைத்துவிடுவான். கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, தேய்மானம் பார்த்து, "இந்தச் செருப்புக்காரருக்கு எடது குதிகாலு போயிட்ச்சி" என்று தீர்ப்புச் சொல்வார். ஒருமுறை செருப்புத் திருடன் என்று பிடித்துவைத்தார்கள். பிடித்தவருடைய பாதத்துக்கும் ஆலோசனை சொல்லிவிட்டுத்தான் வந்தார். சாவு வீட்டையாவது விட்டாரா? மூன்றாம் வீட்டுப் பெரியவருக்கு மாலை போடப் போனவர், கால்மாட்டிலேயே நின்று, கட்டியிருந்த பெருவிரல்களுக்குக் கீழே உள்ளங்காலை உற்றுப் பார்த்து, "த்சொ, சமதரையிலயே நடந்த மன்சன்" என்று பெருமூச்சு விட்டார். மாரடைப்பில் செத்தவர் ஐயா அவர்!

இப்படி ஒரு மனிதர் எப்படி உண்டாகிறார்? லோகநாதன் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே முப்பத்து மூன்று வருஷம் சரிபார்த்தார். பெட்டி நகர்ந்தது, கிரேன் நகர்ந்தது, கப்பலே நகர்ந்தது. அவர் நகரவில்லை. ரிட்டயரான ஆறாம் மாதம் ஒருநாள் காலை, கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால், குதிகாலில் ஆணி ஏறினாற்போல வலி. டாக்டரிடம் போனார். அவர் கொடுத்த மாத்திரையை விழுங்கினார், மெத்தென்ற செருப்பு வாங்கினார், படியோரம் நின்று கெண்டைக்காலை இழுத்து நீட்டினார், மனைவி கார்குழலி தினமும் வைத்துக்கொடுத்த வெந்நீரில் காலை ஊறவைத்தார். இதற்கு நடுவில் நாலே நாலு நாள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தார். ஒன்றரை மாதத்தில் வலி போய்விட்டது. பெயர் யாருக்குப் போயிற்று? மணலுக்கு! "வென்னி வெச்சி வெச்சி கை வெந்தவ நானு, பேரு வாங்கிகினு போனது மண்ணு" என்று கார்குழலி அம்மாள் இன்றைக்கும் பாத்திரத்தை ணங்கென்று வைக்கிறார்.

வெறுங்காலோடு மணலில் நடந்தால் குதிகால் வலி போகும் என்று வாத்தியார் சொல்வது முழுப்பொய் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பாதி நிஜமாக இருப்பதுதான் தொல்லை. டைல்ஸ் தரையிலும் தார் ரோட்டிலுமே காலம் தள்ளினால் பாதத்தின் சின்னச் சின்னத் தசைகள் சோம்பிப்போகும், மணல், புல், மேடு, சரிவு என்று மாற்றி மாற்றி நடந்தால் பலப்படும் என்று விவரம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். கூடவே, நிதானமாக ஆரம்பிக்க வேண்டும், வலிக்கும்போது ஓய்வு கொடுக்க வேண்டும், சுமையைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் வாத்தியார் இனத்தின் காது விசேஷமானது. 'நட' என்பது உள்ளே போகும். 'நிதானமாக' என்பது வெளியிலேயே நின்றுவிடும்.

நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டீக்கடையில் நின்றபடி சும்மா ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலைச் சொறிந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

"சார், உங்க பாதம் தூங்கிகினு கீது" என்றார்.

"தூங்கட்டுமே, அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

"எய்ப்பணும் சார். தர மாறணும். தர மாறுனா தலயெயுத்தே மாறும்!"

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு எண்ணூர் சாலையோரம், கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிவைத்த கருங்கற்களின்மேல் நான் நாலு காலில் நின்றுகொண்டிருந்தேன். கட்டைவிரலை ஒரு நண்டு பிடித்துக்கொண்டது. "ஒதறாதீங்க சார், அது இயற்கை குடுக்குற பிசியோதெரபி" என்றார் வாத்தியார்.

அவர் பாடத்திட்டம் அப்படி. திங்களன்று மணல், செவ்வாயன்று அந்தக் கருங்கல், புதனன்று எவரோ வீடு கட்டக் குவித்துவைத்த ஜல்லி, வியாழனன்று பேசின் பிரிட்ஜ் பாலத்தில் பின்பக்கமாக ஏறி முன்பக்கமாக இறங்குவது, வெள்ளியன்று காசிமேட்டில் ஏலம் முடிந்தபின் ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் மீன் செதில்மேல் வழுக்காமல் நிற்பது என்று அவர் பின்னால் பதினாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை விடுமுறை. விழுந்தவர்கள் எழுந்திருக்க வேண்டாமா? தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாய்தான் தலைமைச் சீடர். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து மெஷின் மிதிப்பது பூப்போல இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லுவார். மோட்டார் மாட்டியதைச் சொல்லமாட்டார்.

இதுவரைக்கும் சிரிப்புதான். எங்கள் தெருவிலேயே, என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பூவம்மா இருக்கிறாரே, அங்கேதான் விஷயம் சிரிப்பாய்ச் சிரித்தது.

பூவம்மா மீன் வியாபாரி. தினமும் காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வருவார். வீட்டு வாசலில் பலகை போட்டு விற்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் சந்து முழுக்கத் தோண்டினார்கள். குழாயைப் பதித்தார்கள், மண்ணைத் தள்ளினார்கள், போய்விட்டார்கள். ஒருபக்கம் மண்மேடு, ஒருபக்கம் ஜல்லிக் குவியல், நடுவில் தண்ணி லாரி சிக்கிக்கொண்டபோது விழுந்த இரண்டு பள்ளம். ஆட்டோ உள்ளே வராது. மெயின் ரோட்டிலேயே இறங்கி, இருபது கிலோ மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த மேட்டிலும் பள்ளத்திலும் பூவம்மா நடந்து வரவேண்டும். அவருக்கு இரண்டு குதிகாலிலும் வலி. சுமை தூக்கக்கூடாது, மெத்துச் செருப்பு போடு, இல்லாவிட்டால் வியாபாரத்தையே விட்டுவிடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழைக்குள் ரோடு வந்தால் ஆட்டோ வாசலுக்கு வரும். வராவிட்டால் கூடையைக் கவிழ்க்க வேண்டியதுதான். கையெழுத்து வாங்கி மனு கொடுக்கத் தெருவையே கிளப்பிவிட்டது அவர்தான்.

அவரிடமே போய் நம் வாத்தியார் வகுப்பெடுத்தார்.

"பூவம்மா, செருப்ப தூக்கிப் போடு. தர மாத்தி மாத்தி நட. வலி பறந்துரும்."

"இன்னா அண்ணாத்தே பேசுற நீ? பன்னண்டு வயசுலேர்ந்து ஐஸு மேல நிக்கிறேன், படகுப் பலக மேல ஏறுறேன், மண்ல நடக்குறேன், ரயிலு ஜல்லில கூட ஓடிகிறேன். தர மாறுனா குதிகாலு சரியாவும்னா, என் காலு இந்நேரம் இரும்பால்ல ஆயிருக்கணும்?"

இதற்கு மேல் ஒரு மனிதர் வாயைத் திறக்க முடியுமா? வாத்தியார் திறந்தார். "அது பொயப்புக்கு நடந்தது. பயிற்சியா நடக்கல. மன்சு வெச்சி நடக்கணும்."

"மன்ச எங்க வெக்கிறது? தலைல சங்கரா மீனு கீதே!"

ஒருவழியாக மனு நகர்ந்தது. ரோடு ஆபீஸிலிருந்து தாமோதரன் என்ற இன்ஜினியர் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. ஆபீஸர் வந்தால் கஷ்டத்தைக் கண்ணால் காட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். யார் எந்தப் பள்ளத்தில் தடுக்குவது, யார் வண்டியைத் தள்ளமுடியாமல் நிற்பது என்று முந்தின நாளே பேசி முடிவு செய்தோம். பூவம்மா கூடையோடு நொண்டி வருவார் என்று ஏற்பாடு. அவருக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் படித்த ஆபீஸர் ஒருவர் தெருவுக்கு வருகிறார் என்று தெரிந்தபின் வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா, கால்தான் சும்மா இருக்குமா? புதன்கிழமை வகுப்பைத் தெருவிலேயே வைத்துவிட்டார். இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது பதினாலு பேர் வெறுங்காலோடு வரிசையாக, "ஏறு... எறங்கு... வெரல விரி..." என்ற குரலுக்கு மண்மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஜல்லியில் நின்று, கடைசியில் இரண்டு கையையும் தூக்கி ஹா ஹா ஹா என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நொண்டத் தயாராக நின்றவர்கள் நொண்ட மறந்து வாய் பிளந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் பூவம்மா கூடையோடு வந்தார். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"அட, இந்தம்மா வெயிட்டும் தூக்கிப் பண்றாங்களே! சீனியர் பேட்சா?" என்றார் இன்ஜினியர்.

"ஆரம்பத்துல சந்தேகப்பட்டவங்க சார், இப்ப பாருங்க" என்றார் வாத்தியார், வெட்கமில்லாமல்.

"அப்போ உங்களுக்கு ரோடு...?"

"ரோடா? சார், இது ரோடு இல்ல. மருந்து!"

இன்ஜினியர் தாமோதரனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷ சர்வீஸில் ரோடு வேண்டாம் என்று சொன்ன முதல் தெருவை அவர் அன்றைக்குத்தான் சந்தித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார், வாத்தியாரின் கையைக் குலுக்கினார், போயே போய்விட்டார். நாங்கள் ஜீப்புக்குப் பின்னால் ஓடினோம். எங்கே ஓடுவது, பள்ளம்! பூவம்மா கூடையை வாசலில் இறக்கிவைத்து, குதிகாலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து வருஷமாக எதிர்வீட்டுக்காரராக இருக்கும் லோகநாதனை அன்றைக்குத்தான் நான் மனதார வெறுத்தேன்.

பத்தாம் நாள் சந்து முனையில் பச்சை வண்ணத்தில் ஒரு பலகை முளைத்தது. 'பல்வகைத் தரை ஆரோக்கிய நடைத்தடம். வாகனங்கள் நுழையத் தடை. மேடு பள்ளங்களைச் சேதப்படுத்துவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' அன்றிலிருந்து வெளித்தெருக்காரர்கள் எல்லாம் வந்து எங்கள் பள்ளத்தில் இறங்கிச் சிரித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டு வாசல் குழியைக் கொஞ்சம் மண் போட்டு மூடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். "சேதப்படுத்தாதீங்க சார்" என்றார் அத்தாவுல்லா பாய்.

மறுநாள் பூவம்மா வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அண்ணாத்தே, உன் தர மருந்துதானே? மூணு நாளு என் கூடைய நீ தூக்கு. காசிமேட்டுலேர்ந்து என் வூடு வரிக்கும். உன் காலு நல்லா கீதுன்னா நானும் செருப்ப கயட்டி உன் கிளாஸ்ல சேந்துக்கறேன். இன்னா சொல்ற?"

"போய்ட்டு வா, வென்னி நான் வெக்கல" என்றார் உள்ளேயிருந்து கார்குழலி அம்மாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியாரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

முதல் நாள் கழுத்து உள்ளே போய்விட்டது. ஆனாலும் சிரித்தார். இரண்டாம் நாள் ஐஸ் தரையில் நின்று, படகுப் பலகையில் ஏறி, ஷேர் ஆட்டோவில் ஒண்டிக்கொண்டு வந்து இறங்கி, தன் சொந்தத் தடத்தில் கால் வைத்தார். முதல் மேடு தாண்டினார். ஜல்லியில் தடுமாறினார். இரண்டாம் பள்ளத்தில் "ஐயோ அம்மா!" என்று ஒரு குரல், வாத்தியார் ஒருபக்கம், சும்மாடு ஒருபக்கம், இருபது கிலோ சங்கரா தெரு முழுக்க. நடைத்தடத்தின் பலனை அன்றைக்கு முழுசாக அனுபவித்தவை எங்கள் தெருப் பூனைகள்தான்.

பூவம்மா கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு கிட்டே போனார். "இன்னா அண்ணாத்தே, வலிக்குதா?"

"வலி இல்ல பூவம்மா. பாதம் முய்ச்சிகினு கீது" என்றார். கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது.

முழித்துக்கொண்ட பாதம் ஒரு வாரமாகியும் தூங்க மறுத்தது. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். கடைசியில் கௌரவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே இன்ஜினியரிடம் போய், "சார், எங்க தெருவுக்கு ரோடு போட்டுக் குடுங்க" என்று கேட்டார்.

இன்ஜினியர் அவர் காலைப் பார்த்தார். "குதிகால் வலியா? கவலைய விடுங்க. உங்க தெருவுலயே அருமையான தடம் இருக்கே, தினம் நடங்க!"

இந்தச் செய்தியோடு அவர் திரும்பி வந்தபோது நான் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். பூவம்மா சிரிக்கவில்லை, அந்தப் பச்சைப் பலகை முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எழுத்துக்கூட்டிப் படித்தார். வானத்தைப் பார்த்தார். மேகம் கூடியிருந்தது. நேரே ரோடு ஆபீஸுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"சார், இம்மா நல்ல தடம் போட்டு குட்துகீறீங்க, தெறப்பு வியா வெக்காமலே வுட்டுட்டீங்களே? மேல இருக்கிற பெரியவரு யாரையாச்சும் இட்டுகினு வாங்க சார். மால, ஆரத்தி எல்லாம் எங்க செலவு. உங்க பேரும் மேல போவும்ல?"

தாமோதரன் நாற்காலியிலேயே அரை அடி உயர்ந்தார். கடிதம் மேலே போனது. மூன்றாம் நாள் பதில் வந்தது: பெரியவர் வருகிறார். ஆனால் அவருக்குக் கொஞ்ச நாளாகக் குதிகால் வலி. நடக்கமுடியாது. கார் விழா மேடைவரை வர வழி செய்யவும்.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். எட்டு மாதம் வராத ரோடு ரோலர் இரண்டே நாளில் வந்தது. மண்மேடு போனது, ஜல்லி சமமானது, பள்ளம் நிரம்பியது, தார் ஆவி பறந்தது. மேடு பள்ளங்களைச் சேதப்படுத்துவோர்மீது நடவடிக்கை என்ற பலகைக்குக் கீழேயே, மேடு பள்ளங்களை ஒன்றுவிடாமல் சேதப்படுத்தினார்கள். திறப்பு விழாவன்று பெரியவரின் கார் வழுக்கிக்கொண்டு மேடைவரை வந்தது. மனிதர் இரண்டடி நொண்டி, ரிப்பனை வெட்டி, பளபளவென்ற தார்மேல் நின்றுகொண்டு, கரடுமுரடான தரையில் நடப்பதன் நன்மைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இன்ஜினியர் கைதட்டினார். நாங்களும் கைதட்டினோம். எங்களைப்போல அன்றைக்கு யாரும் கைதட்டியிருக்க முடியாது. பூவம்மா ஆரத்தியை மூன்று முறை சுற்றினார்.

அடுத்த நாள் காலை ஷேர் ஆட்டோ சந்துக்குள் திரும்பி, டர்ரென்று பூவம்மா வீட்டு வாசலில் வந்து நின்றது. தடைப் பலகையை யார் மதித்தார்கள்? டிரைவர் கூடையை இறக்கினார். பூவம்மா மெத்துச் செருப்போடு இரண்டே அடி வைத்தார், மீன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார், காலை நீட்டினார். "ஹப்பாடா, இப்பதான் நல்லா கீது" என்றார். அன்றைக்கு எனக்கு வேண்டியதைவிட ஒரு கிலோ அதிகமாகவே சங்கரா வாங்கினேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

வாத்தியார் என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? கார்குழலி அம்மாள் மனம் இரங்கி மறுபடி வெந்நீர் வைத்தார். மாத்திரை, செருப்பு, ஒன்றரை மாத ஓய்வு. வலி போய்விட்டது. பெயர் யாருக்குப் போயிற்று? புது ரோட்டுக்கு! இப்போது காலை ஆறு மணிக்கு அதே பதினாலு பேர் அதே சந்தில் சமதரை வகுப்புக்கு வருகிறார்கள். "கரடுமுரடுதான் சார் மன்சனுக்கு விரோதி. தர நேரானா தலயெயுத்தே நேராவும்" என்கிறார். முந்தாநாள் எண்ணூர் கருங்கல்மேல் யாரோ நடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் கையில் பெரிய பையோடு காலை மாற்றி மாற்றி நின்றார். "குதிகாலா? ஐஸ் பாட்டில்மேல காலை வச்சு உருட்டுங்கம்மா" என்று என் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. கால் மணி நேரம் பேசினேன். பஸ் வந்தது. அந்தப் பெண் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சரி, உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கும்போது உள்ளங்காலை ஒருமுறை தரையில் அழுத்திப் பார்த்தீர்களா, இல்லையா? குதிகால் வலிக்காரர் யாராவது ஞாபகத்துக்கு வந்தாரா, அவரிடம் சொல்ல ஒரு வைத்தியமும் கூடவே வந்ததா? யோசித்துச் சொல்லுங்கள்: கடைசியாக ஒருவர் உங்களிடம் 'கால் வலிக்குது' என்றபோது, 'அந்தக் கூடையை இப்படிக் கொடுங்க' என்றீர்களா, 'நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க' என்றீர்களா?

இரண்டாவதா? அப்படியானால் கொஞ்சம் அந்தச் செருப்பைக் கழற்றுங்கள். உங்கள் பாதத்தைப் பார்த்தால் எனக்கு என்னமோ சந்தேகமாக இருக்கிறது.